குறுக்கே கிடந்த கம்பு

எங்கள் குரு தவமணியம்மா மலை நடைக்கு வைத்திருக்கும் சட்டங்களைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு வந்தது. ஆவுடையப்பனுக்கு வந்ததை எரிச்சல் என்று சொன்னால் போதாது.

எல்லாச் சட்டமும் இங்கே வேண்டாம், ஒன்று போதும். நடக்கும்போது ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர், கால் வலிக்கிறதா, முடிகிறதா என்று கேட்கக் கூடாது. முடியாதவர் தன் கைக்கம்பைப் பாதைக்குக் குறுக்கே போட வேண்டும். கம்பு விழுந்தால் எல்லாரும் உட்கார வேண்டியதுதான். போட்டவரே எடுக்கும்வரை யாரும் அதைத் தாண்டக் கூடாது. ஏன் போட்டாய் என்றும் கேட்கக் கூடாது.

"கேட்டா எல்லாவனும் வலிக்கலைன்னுதான் சொல்லுவான். பிறகு எதுக்குக் கேக்கணும்?" என்பார் அம்மா.

மலையைக் கிழக்கே ஏறி மேற்கே இறங்குகிற நடை அது. பல நாள் நடை. இது நடந்த அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஊற்றடி மடத்துக்குப் போய்விட்டால், மறுநாள் முழுக்க ஓய்வு. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கூரை, ஒரு ஊற்று, ஒரு அடுப்பு. கரண்டுகூடக் கிடையாது. ஆனால் அதுவரைக்கும் கீழே இருந்து ஜீப் வரும்.

நாங்கள் மூன்று பேர். அம்மா. அம்மாவைவிட இருபது வயது மூத்த சீடர் ஆவுடையப்பன். சமையல் பாத்திரம் சுமக்கிற நான், சொரிமுத்து. லாரி ஓட்டிய காலத்தில் எத்தனையோ மலையேறியிருக்கிறேன். அதெல்லாம் உட்கார்ந்துகொண்டு ஏறியது.

ஆவுடையப்பன் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கடை கடையாக ஏறி எடைக்கல்லைச் சோதித்தவர். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. நான் வைக்கும் ரசம் எப்படி என்று கேட்டால், எப்படி என்று சொல்லிவிடுவார். நான் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது. நடைக்கு வந்த நாளிலிருந்து அவர் கம்பு ஒரு தடவைகூடக் கீழே விழுந்தது கிடையாது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

விடிந்ததும், நான் கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, தெரிஞ்சே பொய் சொல்லுதவன் கையில வீட்டுச் சாவியைக் குடுத்து வைக்கலாமா?"

"யாரு பொய் சொல்லுதா?"

"என் மகன்."

"மடத்துக்குப் போயிச் சொல்லுதேன்."

"மடத்துக்கு அவனும் வாரான்மா. சாவியைக் கொண்டாரச் சொல்லியிருக்கேன். உங்க முன்னால வாங்கிக்கிடணும். வாங்கிட்டேன்னா பிறகு அவன் என் வீட்டுப் படி ஏற வேண்டாம்."

"முடிவு பண்ணிட்டு எதுக்கு என்கிட்ட கேக்குதீங்க?"

"நீங்க சரின்னு சொல்லிட்டா மனசு மாறாது."

அம்மா தலையாட்டிவிட்டுத் தன் பையைத் தோளில் போட்டார்.

"பொழுது சாய்ஞ்சா ஜீப் இறங்கிரும். அவனும் போயிருவான். அதுக்குள்ள போயாகணும்" என்றார் ஆவுடையப்பன்.

"போயிருவோம்."

அவருக்கு அது போதவில்லை. "நான் கேட்டது ஞாபகம் இருக்கட்டும்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. தவமணியம்மாவிடம் போய் ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்லுகிறார். போன வருஷ நடையில் நான் வெல்லப்பாகு கருக விட்டதை, எந்த ஓடைக்கரையில் என்பது முதற்கொண்டு இன்னும் சொல்லிக்காட்டுகிற மனுஷி அவர்.

புறப்பட்டதும் செங்குத்தான ஏற்றம். மரவேரெல்லாம் படிபோலப் பின்னிக் கிடக்கும். அதை ஏறி முடித்து நான் மூச்சுவிடக்கூட இல்லை, முன்னால் போன அம்மா கம்பைக் குறுக்கே போட்டார்.

"முட்டி பிடிச்சுக்கிடுச்சு" என்றார்.

காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டமே கிடையாது. அன்றைக்கு என்னவோ சொன்னார்.

உட்கார்ந்தோம். நான் பாத்திரக் கட்டை முதுகிலிருந்து இறக்கினேன். அந்தக் கட்டை இறக்குவதும் ஏற்றுவதும் நடப்பதைவிடப் பெரிய வேலை. கயிற்றை அவிழ்த்து, மூடியைச் சரிபண்ணி, மறுபடி இறுக்கி. கொஞ்ச நேரம் கழித்து அம்மா கம்பை எடுத்தார். நடந்தோம். அடுத்த மேடு ஏறி முடித்ததும் கம்பு மறுபடி குறுக்கே கிடந்தது.

"செருப்புல கல்லு" என்றார்.

செருப்பைக் கழற்றி உதறினார். என் கண்ணுக்குக் கல் ஒன்றும் தெரியவில்லை. உதறிய செருப்பை உடனே போட்டாரா என்றால் அதுவும் இல்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டை வேடிக்கை பார்த்தார்.

ஆவுடையப்பன் வானத்தைப் பார்த்தார். தன் கம்பின் நுனியால் தரையைக் குத்திக்கொண்டே இருந்தார்.

அதற்கடுத்து அம்மா உட்கார்ந்த இடம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓடைக்கு மேலே, ஈரச் சருகு, கால் வைத்தால் அட்டை ஏறுகிற இடம். பத்தடி தள்ளி அருமையான பாறை இருக்கிறது, காய்ந்த பாறை. அங்கே போய்ப் போடக் கூடாதா?

"அம்மா, இங்கன அட்டை மேயுது" என்றேன்.

"மேயட்டும். என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியலை."

கம்பு கிடக்கிறதே, என்ன செய்ய? உட்கார்ந்தேன். உப்புப் பொட்டலத்தை எடுத்து, ஏறுகிற அட்டைக்கெல்லாம் தடவித் தடவி விழவைத்தேன். மத்தியானக் குழம்புக்கு வைத்திருந்த உப்பு அது. ஆவுடையப்பன் ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அட்டை ஏறியதைக்கூடப் பார்க்கவில்லை. அவர் காலில் இருந்ததையும் நான்தான் எடுத்தேன்.

அம்மா தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கியதும் அவர் என்னிடம் திரும்பினார்.

"ஓய் சொரிமுத்து, இந்தம்மாவுக்கு முட்டிவலி எப்பத்துல இருந்து?"

"எனக்கென்ன தெரியும்? நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க."

"இன்னைக்குன்னு பாத்து வரணுமா?"

"உங்க மகன் காத்திருக்க மாட்டானா?"

"ஜீப்புக்காரன் காத்திருக்க மாட்டான். இன்னைக்கு விட்டா என் மனசும் காத்திருக்காது."

மகன் பேர் கோமதிநாயகம். தென்காசியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பொண்டாட்டி செத்துப்போனபிறகு ஆவுடையப்பன் தனியாகத்தான் இருக்கிறார். சனிக்கிழமை ஆனால் மகன் வந்துவிடுவானாம்.

"வந்து என்ன சொல்லுவான் தெரியுமா? 'இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்பா.' வந்தவன் சிலிண்டர் மாத்துவான், தண்ணி பிடிச்சு வைப்பான், நான் சாப்பிட்டேனான்னு சட்டியைத் தொறந்து பாப்பான். நான் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். சனிக்கிழமை கடையே கிடையாதாம். பிறகு என்ன வேலை இவனுக்கு எங்க தெருவுல?"

"உங்களைப் பாக்கத்தான வந்திருக்கான்."

"அதைச் சொல்லிட்டுப் போகட்டுமே. அப்பா, உன்னைப் பாக்க வந்தேன்னு சொன்னா வாய் வெந்தா போகும்? எங்கிட்டயே பொய். ரெண்டு சீப்பு பழம் வாங்கிட்டு வந்து, 'கடைக்காரன் ஒண்ணு கூடக் குடுத்துட்டான்'ங்கான். எந்தக் கடைக்காரன்வே கூடக் குடுப்பான்? நான் பாக்காத கடைக்காரனா?"

இன்னொரு அட்டை என் பெருவிரல் இடுக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

"போன மாசம் குளியலறையில லேசா வழுக்குச்சு. ஒண்ணுமில்லை. இவன் பாயைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டான். 'எங்க தெருவுல தண்ணி வரலைப்பா, ரெண்டு நாள் இங்க தங்கிக்கிடுதேன்.' நான் விசாரிச்சேன். தண்ணி அந்தத் தெருவுல கொட்டுதாம். அன்னைக்கே வெளிய போன்னுட்டேன். சாவி மட்டும் அவன்கிட்ட இருக்கு."

"விழுந்தீங்களா? எங்கன அடி?"

"வழுக்குச்சுன்னுதான் சொன்னேன். விழுந்தேன்னு சொன்னேனா?"

கோபமாகவே கேட்டார். அம்மா தண்ணீரோடு ஏறி வந்தார், நொண்டி நொண்டி. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

மத்தியானச் சாப்பாடு உப்பில்லாமல் முடிந்தது. அதற்கும் ஆவுடையப்பன் ஒரு வார்த்தை சொன்னார். உப்பு எங்கே போனது என்று நான் சொல்லவில்லை.

அதன்பிறகும் இதே கதைதான். ஏறினால் கம்பு, இறங்கினால் கம்பு. ஒரு இடத்தில் முட்டி. ஒரு இடத்தில் பசி, அதுவும் இப்போதுதானே சாப்பிட்டோம். ஒரு இடத்தில் காற்று நன்றாக இருக்கிறதாம். ஏன் போட்டாய் என்று கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே இத்தனை காரணம் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? எனக்கே இப்படி என்றால் ஆவுடையப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புல்வெளியில் அம்மா கம்பைப் போட்டபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, வெயில் அந்தப் பக்கம் போயாச்சு."

"ஆமா."

"ஜீப் இறங்கிரும்."

"இறங்கும்."

"நான் வேணா முன்னால போகட்டா?"

அம்மா பாதையில் கிடந்த கம்பைப் பார்த்தார். ஆவுடையப்பனும் பார்த்தார். தாண்டிப் போயிருக்கலாம், தடுக்கவா போகிறார்? ஆனால் அவர் சட்டத்தை மீறுகிற ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்காரும்போது கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். கோபத்தில் அப்படி உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவழியாகக் கடைசிச் சரிவுக்கு வந்தோம். கீழே மடத்தின் தகரக் கூரை தெரிந்தது. பக்கத்தில் ஜீப் நின்றது. ஜீப்பில் சாய்ந்துகொண்டு நீலச் சட்டை போட்ட ஒருத்தன். நல்ல வேளை, இன்னும் போகவில்லை.

"இருக்கான்" என்றார் ஆவுடையப்பன்.

அம்மா கம்பைக் குறுக்கே போட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரக் கட்டைத் தொப்பென்று இறக்கினேன். பெரிய சட்டியின் மூடி கழன்று, புல் சரிவில் உருண்டு, பக்கத்துப் பள்ளத்தை நோக்கி ஓடியது. ஐயோ என்று நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டார். சரிவில் தாவித் தாவி இறங்கினார். பாதிப் பள்ளத்தில் மூடியைப் பிடித்தார். அதே வேகத்தில் திரும்பி ஏறி வந்து என் கையில் கொடுத்தார். மூச்சுகூட வாங்கவில்லை. அதன்பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்து முட்டியைத் தடவினார்.

இனித் தடவிப் பிரயோஜனம் இல்லை. ஆவுடையப்பன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"முட்டிவலி எங்கம்மா?"

"இல்லை."

"காலையில?"

"காலையிலயும் இல்லை."

"செருப்புல கல்லு?"

"இல்லை."

அவர் முகம் சிவந்துவிட்டது. குருவிடம் பேசுகிறோம் என்பதே மறந்துபோனது.

"பொய் சொல்லுதவனைப் பத்தி உங்ககிட்ட கேட்டேன். நீங்க என்னடான்னா பொழுதெல்லாம் எங்கிட்டயே பொய் சொல்லியிருக்கீங்க. எதுக்கும்மா?"

"உங்க கம்பு எங்க?"

"கையில இருக்கு."

"காலையில இருந்தே கையிலதான் இருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய இடது கணுக்காலைப் பார்த்தேன். செருப்பு வார் சதைக்குள் புதையும்படி வீங்கியிருந்தது. அட்டை எடுத்தபோது நான் தொட்டது அந்தக் காலைத்தான். அட்டையைப் பார்த்தேனே ஒழியக் காலைப் பார்க்கவில்லை.

அவருக்குக் கோபம் இறங்கவில்லை, இன்னும் ஏறியது.

"எனக்கு வலிக்குன்னு நான் சொன்னேனா?"

"சொல்லலை."

"உக்காரணும்னு உங்ககிட்ட கேட்டேனா?"

"கேக்கலை."

"பின்ன?"

"அதான்."

"எனக்கு ஒருத்தரும் இரக்கப்பட வேண்டாம். அவனும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்."

அம்மா குனிந்து தன் கம்பைப் பாதையிலிருந்து எடுத்து ஒதுங்கி நின்றார். வழி திறந்தது. ஆவுடையப்பன் விறுவிறுவென்று இறங்கினார். கொஞ்ச தூரம்தான். இடது கால் வெடவெடவென்று ஆடியது. கம்பை ஊன்றி நின்றுவிட்டார். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

கீழே ஜீப்புக்காரன் ஹாரன் அடித்தான்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பைக் கீழே போட்டால் நாங்கள் போய்ப் பக்கத்தில் உட்காரலாம். போடவில்லை. அவர் போடாதபோது நாங்களாகப் போய் என்ன ஆச்சு என்று கேட்கவும் முடியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. என்ன சட்டம் இது, என்ன மனுஷர் இவர்.

நீலச் சட்டைக்காரன் எங்களைப் பார்த்துவிட்டான். கையைத் தட்டி ஜீப்புக்காரனிடம் என்னவோ சொன்னான். பிறகு ஓட்டமும் நடையுமாகச் சரிவில் ஏறி வந்தான். முப்பது வயசுக்காரன், நல்ல திடகாத்திரம். தகப்பன் முன்னால் வந்து நின்றான். அவர் முகத்தைப் பார்த்தான், ஆடுகிற காலைப் பார்த்தான். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை அவனுக்கு.

"அப்பா, மூச்சு வாங்குது" என்றான். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போவோமா?"

ஆவுடையப்பன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். எடைக்கல்லைக் கையில் தூக்கிப் பார்க்கிற ஆள் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவனுக்கு மூச்சு வாங்குதாம்" என்றார்.

சொல்லிக்கொண்டே தன் கம்பைப் பாதைக்குக் குறுக்கே போட்டார்.

நாங்கள் இறங்கிப் போய் உட்கார்ந்தோம். மகன் தகப்பனை அணைத்து உட்காரவைத்தான், அணைப்பது தெரியாத மாதிரி. கீழே ஜீப் கிளம்பித் திரும்பியது.

"ஜீப் போகுதே" என்றார் ஆவுடையப்பன்.

"போகட்டும்பா. நாளைக்கு எனக்கு வேலை இல்லை."

கோமதிநாயகம் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினான். தகப்பன் வாங்கவில்லை.

"இதைக் குடுக்கத்தான் இம்புட்டு தூரம் வந்தியா?"

"இல்லப்பா." அவன் காட்டைப் பார்த்தான், தகரக் கூரையைப் பார்த்தான். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

"என்ன வேலை?"

"மடத்துல... மோட்டார் ஓடலைன்னாங்க."

மடத்தில் ஏது மோட்டார்? கரண்டே கிடையாதே. நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் காலை மிதித்தார். ஆவுடையப்பனுக்கும் தெரியும், எத்தனை தடவை அந்த மடத்தில் சிம்னி விளக்கில் உட்கார்ந்து என் ரசத்தைக் குறை சொன்னவர். இப்போது வெடிக்கப் போகிறது என்று காத்திருந்தேன்.

"வேலை முடிஞ்சுதா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா."

"அப்பம் முடிச்சிட்டு வா. எனக்கு இன்னும் ரொம்ப நாள் நடை இருக்கு, ஊருக்கு வர நாளாகும். சாவி உன்கிட்டயே இருக்கட்டும். வீட்டுல துளசிக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும்."

அவர் வீட்டில் துளசி கிடையாது. செடி வளர்க்கத் தனக்குப் பொறுமை இல்லை என்று அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். மகன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். துளசி ஏது என்று அவனும் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் வீங்கிய காலை நீட்டிக்கொண்டார். வலியில் முகம் சுருங்கியது. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை என்பதுபோல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் தகரக் கூரையை விட்டு இறங்கிவிட்டது. அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அம்மா முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"அம்மா, காலையில உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்."

தவமணியம்மா முட்டியைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"காலையிலயா? என்ன கேட்டீங்க? எனக்கு மறந்துபோச்சே."